தம்பி யார் பொறுப்பு?

விஜயநகரில் நாம் அறிந்த இல்லம் ஒன்று. தாயார் மறைந்தபின், நெடுநாள் மனநோயுற்ற தம்பி யார் பொறுப்பு என்பதில் அண்ணனுக்கும் அக்காளுக்கும் பேச்சே நின்றுபோயிற்று. தம்பியும் எளியவர் அல்லர். மருந்தைத் துப்புவார், சோறிட்ட கையையே ஏசுவார். அண்ணியாரின் சலிப்பை நாம் குறை கூறோம்.

பெங்களூர் நிம்ஹான்ஸிலேயே விட்டுவிடலாம் என்றார் அண்ணன். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருத்தலை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒப்பவில்லை என்றோம். தம் பிரதிநிதி யாரென்று நோயாளியே வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமிடலாம் என்கிறது அதன் 14ஆம் பிரிவு. தாளை நீட்டினோம். அவர் எழுதியது அண்ணியாரின் பெயரை!

எவர் வீட்டில் எத்தனை மாதம் என்பது இன்னும் முடிவாகவில்லை.