நீலத் துணியை நரைக்கச் செய்தல்

நெய்த துணியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மனம் பொறாத நம் அங்கத்தினர்களுக்கு, புதுத் துணியை வேண்டுமென்றே பழையதாக்கும் வழக்கம் விசித்திரமாகவே தோன்றும். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. ஆயினும் வீட்டில் தைத்த டெனிம் அரைக்கால்சட்டையை நரைக்கச் செய்யும் முறையை ஆராயப் புகுந்தபோது, நெசவு அறிந்தோருக்கே இது செவ்வனே கைவரும் என்று கண்டோம்.

டெனிமில் பாவு நீலம், ஊடை வெள்ளை. ட்வில் நெசவாதலால் முகப்பில் பாவே மிகுந்து தெரியும். அவுரி நீலமோ, பாவு நூலைப் பலமுறை தோய்த்துக் காற்றுப்பட விட்டாலும், நூலின் புறத்தை மட்டும் பற்றி, நடுவை வெண்மையாகவே விட்டுவிடுகிறது. வேறு துணிக்கு இது குறை. டெனிமுக்கு இதுவே உயிர். மேற்புறம் தேயத் தேய உள்வெண்மை வெளிப்படும்.

எனவே தைத்த சட்டையை முதலில் துவைத்துச் சுருங்கவிட்டு, காலினுள் ஒரு பலகையைச் செருகி, தொடைப் பகுதி, பையின் வாய், தையல் மேடு ஆகியவற்றை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தல் வேண்டும். உடுத்துபவர் உடம்பில் இயல்பாகத் தேயும் இடங்கள் இவையே. வேறிடத்தில் தேய்த்தால் பொய் பல்லிளிக்கும். கிழிசல் வேண்டுவோர், குறுக்கே இணையாக இரண்டு வெட்டுகள் இட்டு, இடையிலுள்ள நீலப் பாவிழைகளை மட்டும் ஊசியால் உருவ வேண்டும். வெள்ளை ஊடை ஏணிப்படி போல் நிற்கும். ஊடையையும் அறுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஓட்டை! கால் ஓரத்தை மடிக்காது விடுவோர், அரை அங்குலம் மேலே ஒரு தையல் ஓட்டிவிட்டால் பிரிதல் அங்கேயே நிற்கும்.

வெளுப்புத் திரவத்தை நாம் விரும்புவதில்லை. அது பருத்தியையே அரித்துவிடும். உபயோகித்தே தீருவோர் அதனுடன் வினிகரைக் கலக்கலாகாது. நச்சுவாயுவான குளோரின் எழும்.

இவ்வேலை ஆலைகளில் விளைத்த தீங்கையும் கூறியாக வேண்டும். அழுத்தக் காற்றால் மணலை வீசித் துணியைத் தேய்த்த துருக்கித் தொழிலாளர் பலர், இளவயதிலேயே சிலிக்கா தூசியால் நுரையீரல் இறுகி மாண்டனர். அந்நோய்க்குத் தீர்க்கும் மருந்தில்லை. அந்நாடு 2009-இல் அம்முறையைத் தடை செய்தது. வீட்டில் உப்புத்தாள் பிடிப்போருக்கு அத்தகைய அபாயம் இல்லையெனினும், திண்ணையில் அமர்ந்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு தேய்ப்பதே நலம். முடிந்தபின் தண்ணீரில் தனியாக அலசுக. வீட்டு வேட்டிகளோடு சேர்த்து ஊறவைத்தால் அவையும் நீலமாகும்.