பழைய லேப்டாப்புக்கு 'ராம்' வாங்க போறீங்களா? மாத்தி வாங்கினால் காசு வேஸ்ட்

அன்னூர்,

2011-ல் தமிழக அரசு கொடுக்க தொடங்கிய இலவச லேப்டாப்பை கோவை மாவட்டம் அன்னூர் பக்கம் இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. பழைய லேப்டாப்புகளில் ஓடும் விண்டோஸ்-10க்கு வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்தி விட்டது. அதற்காக லேப்டாப் நின்று விடாது. வைரஸ் புகும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்தான் வராது.

'ராம் கூட்டினால் விண்டோஸ்-11 ஏறிடும்' என்று நம்பி பணம் போடுவதுதான் தப்பு. அதற்கு 4 ஜி.பி. ராம் போதும். இடிப்பது பழைய பிராசசரும், டி.பி.எம். 2.0 இல்லாததும்தான்.

வேகம் கூடினால் போதும் என்பவர்கள் தாராளமாக ராம் போடலாம். ஆனால் டி.டி.ஆர்-3 இருக்கிற இடத்தில் டி.டி.ஆர்-4 உட்காராது, வெட்டு இருக்கும் இடமே வேறு. டி.டி.ஆர்-3யிலும் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரண்டு ரகம். 1.35 மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் மற்றதை போட்டால் ஆன் ஆகாமல் போகலாம். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டும் புண்ணியமில்லை. பழைய ராமை கழற்றி கையோடு கடைக்கு கொண்டு போய்விட்டால் வம்பே இல்லை.

விலையும் சும்மா இல்லை. ஏ.ஐ. கம்பெனிகள் சிப்புகளை அள்ளியதால் 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. 'குருஷியல்' ராம் விற்ற மைக்ரான் நிறுவனம், சில்லறை வியாபாரத்தை விடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. டி.டி.ஆர்-3யை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள், காந்திபுரம் வரை பஸ் ஏறி போனாலும், லேப்டாப்பில் போட்டு ஓட்டிக் காட்டிய பிறகே காசு கொடுக்க வேண்டும்.

காசே செலவில்லாத வழி, லைட்டான லினக்ஸ். 2 ஜி.பி.யிலும் டைப்பிங் வேலை ஓடும், அப்டேட்டும் வரும்.