வீட்டிலிருந்து வேலையா, கொழும்பு ஒபிஸா?

திகன, பல்லேகல, குண்டசாலைப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர் பலரது வீடுகளில் இப்போது ஒரு புதுக் கேள்வி எழுந்திருக்கிறது. மகன் வீட்டு அறையில் கணனிக்கு முன்னால் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கெழுதுகிறார். சம்பளம் டொலரில் வருகிறது. இதற்கிடையில் கொழும்பில் ஒரு கம்பனி, தினமும் அலுவலகத்துக்கு வரும் வேலையொன்றுக்கு அழைக்கிறது. போவதா, இருப்பதா?

நான் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. கணனி வேலை எனக்குத் தெரியாது. ஆனால் இதுவும் ஒரு வியாபாரக் கணக்குத்தான், அதை நாம் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் மகனின் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். வெளிநாட்டுக் கம்பனிக்கு இங்கே கிளை இல்லையென்றால், அதில் பெரும்பாலும் 'ஊழியர்' என்று இருக்காது, 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்றே இருக்கும். அதாவது நீங்கள் நினைப்பதுபோல மகன் உத்தியோகத்தர் அல்ல. அவரும் உங்களைப்போல ஒரு வியாபாரி, அதுவும் ஒரேயொரு வாடிக்கையாளரை வைத்திருக்கும் வியாபாரி. அந்த வாடிக்கையாளர் நாளைக்கு 'போதும்' என்றால், ஒப்பந்தத்தில் எழுதிய முன்னறிவித்தலோடு கதை முடிந்துவிடும்.

உள்நாட்டுக் கம்பனியில் சட்டம் வேறு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்டுவார். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருந்து, 5 வருடம் முடித்தால், 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். அப்படியான இடத்தில் ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஆளை நிறுத்துவதற்கும் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது.

இனி உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வீட்டு வேலையில் மாதம் 700 டொலர், டொலர் 300 ரூபா என்றால் 210,000 ரூபா. கொழும்பில் சம்பளம் 200,000 ரூபா. 2025 ஏப்ரல் முதல் வருட வருமானத்தில் 18 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை, அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அதன்படி வீட்டு வேலைக்கு மாதம் 3,600 ரூபா வரி, இணையத்துக்கும் மின்வெட்டு நேரத்து பேட்டரிக்கும் 12,000 என்று வைத்தால், மிஞ்சுவது 194,400. கொழும்பில் சேமலாப நிதிக்கு 16,000, வரிக்கு 3,000, போர்டிங், சாப்பாடு, வார இறுதியில் வீடு வந்துபோகும் செலவு 60,000 என்று கழித்தால் கையில் 121,000. வித்தியாசம் 73,400. இந்த இடத்திலேயே பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் கொழும்பு வேலையில் மகனின் பெயரில் இரு நிதிகளிலும் மாதம் 46,000 ரூபா சேருகிறது. பணிக்கொடையை மாதக் கணக்கில் பிரித்தால் இன்னும் 8,300 வரும். இவற்றையும் சேர்த்தால் வித்தியாசம் 19,000 அளவுதான். அது உடனே கைக்கு வராத காசு என்பது உண்மை. ஆனால் கையிருப்புச் சரக்கைக் கணக்கில் சேர்க்காத வியாபாரி உண்டா?

டொலரையும் நம்பிவிட முடியாது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் 2022 இல் 360 வரை போனது, 2024 இல் 300க்குக் கீழே இறங்கியது. ஏறும்போது வந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு மேல்மாடி கட்டத் தொடங்கியவர்கள் இறங்கும்போது கஷ்டப்பட்டார்கள். சேவை வருமானத்தை வெளிநாட்டு நாணயமாக வங்கி மூலம் கொண்டுவந்தால் வரி 15 வீதத்துக்கு மேல் போகாது, உள்நாட்டுச் சம்பளத்துக்கோ உச்ச வீதம் 36. ஆனால் பெரிய வருமானக்காரருக்குத்தான் இது பெரிய இலாபம்.

பணத்துக்கு அப்பால் தொழில் பழகுவது இருக்கிறது. சீனாவின் சீட்ரிப் என்ற பயணக் கம்பனியில் 2010, 2011 இல் ஒரு பரீட்சை செய்தார்கள். வீட்டிலிருந்து தொலைபேசி வேலை செய்தவர்கள் 13 வீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். ஆனால் அந்த உழைப்புக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முடிவில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அதே கம்பனி பின்னர் வாரத்தில் 2 நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டுப் பார்த்தபோது, வேலையை விட்டுப் போவோர் மூன்றிலொரு பங்கு குறைந்தார்கள், பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. கொழும்புக் கம்பனியிடம் இந்த 2 நாளைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஜும்ஆ நேரத்தையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். 25 வயதுக்குட்பட்ட, இன்னும் தொழில் பழகாத பிள்ளை கொழும்புக்குப் போகட்டும். மனைவி பிள்ளைகளோடு இங்கே நிலைத்துவிட்டவர் 19,000 ரூபா கணக்குக்காகப் புறப்பட வேண்டியதில்லை. அவர் இரண்டாவது வாடிக்கையாளர் ஒருவரைத் தேடிக்கொள்வதே புத்தி.

வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் இருக்கிறார் என்பதற்காக 'கொஞ்சம் கடையில நில்லு மகன்' என்கிறோம். கொழும்பிலிருந்து பொருள் வந்தால் அவரே இறக்கவேண்டும், பின்னேரம் கல்லாவிலும் அவரே. மகன் போனால் அந்த இடத்துக்கு ஓர் ஆள் வைக்கவேண்டும், மாதம் பல ஆயிரம் சம்பளம் கொடுக்கவேண்டும். 'போகவேண்டாம்' என்று நாம் சொல்லும்போது, அது மகனின் நன்மைக்கா, அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கவா? கடையின் செலவைக் கடையின் கணக்கில் எழுதவேண்டும், மகனின் கணக்கில் அல்ல.

கண்டி நகரத்திலேயே அலுவலக வேலை கிடைத்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். போர்டிங் செலவு இல்லை, தென்னகும்புர பாலத்தடியில் காலை நெரிசலைப் பொறுத்துக்கொண்டால் போதும். அப்போது 30,000, 40,000 ரூபா குறைந்த சம்பளமும் நட்டமில்லை. எந்த வேலையானாலும் நியமனக் கடிதம் கைக்கு வந்து, அதில் சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டப்படும் என்று பார்த்த பிறகே பழைய இடத்துக்கு முன்னறிவித்தல் கொடுக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் 200,000 என்று பேசி, அடிப்படைச் சம்பளமாக 80,000 மட்டும் எழுதி, அதற்கு மட்டுமே நிதி கட்டுவார்கள்.