வீட்டுவழிக் கல்வியும் இந்தியச் சட்டமும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், பெற்றோரே வீட்டில் கற்பிப்பதை அல்லது வீட்டிலிருந்தே கற்க ஏற்பாடு செய்வதை வீட்டுவழிக் கல்வி என்பர். இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. பதிவு செய்ய ஓர் அலுவலகமோ, அனுமதி கேட்க ஒரு படிவமோ, ஆண்டுதோறும் வந்து பார்க்கும் அதிகாரியோ இல்லை. இதை வைத்துச் சிலர் "தடையே கிடையாது" என்கின்றனர்; வேறு சிலர் "இது சட்டவிரோதம்" என்கின்றனர். இரண்டும் பாதி உண்மையே.

'கட்டாயம்' யாருக்கு?

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 21ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. 6 முதல் 14 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே திருத்தம், அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பை ஏற்படுத்தித் தருவதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகவும் ஆக்கியது. அங்கே சொல்லப்படுவது 'கல்வி', 'பள்ளி' அல்ல.

சிக்கல் அடுத்து வந்த சட்டத்தில்தான். 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 10ஆம் பிரிவில், பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்கிறது. இந்த வாசகத்தின்படி பார்த்தால் வீட்டில் கற்பிப்பது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது. ஆனால் அதை மீறும் பெற்றோருக்கு இந்தச் சட்டம் அபராதமோ சிறையோ எதையும் விதிக்கவில்லை. மேலும், 8ஆம் பிரிவின் விளக்கம் 'கட்டாயக் கல்வி' என்பதற்கு, சேர்க்கையையும் வருகையையும் படிப்பு முடிவதையும் உறுதிசெய்ய வேண்டிய அரசின் பொறுப்பு என்றே பொருள் தருகிறது. கட்டாயம் முதலில் அரசின் மேல்தான் விழுகிறது.

வீட்டுவழிக் கல்வியை இச்சட்டம் பெயர் சொல்லி ஏற்பது ஓரிடத்தில் மட்டுமே. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பல்வகை ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள குழந்தை வீட்டிலேயே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம். மாநிலச் சட்டங்களையும் பார்க்க வேண்டும்; தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டிலேயே கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது.

இன்னொரு எல்லையும் உண்டு. தன் பிள்ளைக்குக் கற்பிப்பது வேறு. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் இடம் பிடித்து, ஆசிரியர் வைத்து, கட்டணம் வாங்கி முழுநேரமும் நடத்துவது வேறு. பின்னது 'அங்கீகாரமற்ற பள்ளி' எனக் கருதப்பட்டால், 18ஆம் பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை கூடுதல் அபராதமும் வரலாம். ஆக, இச்சட்டத்தில் தண்டனைக்கு அஞ்ச வேண்டியவர் தனிப்பெற்றோர் அல்லர், பள்ளி நடத்துவோரே.

சான்றிதழ் என்னும் வாசல்

வீட்டில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் கல்லூரியும் வேலையும் கேட்பது சான்றிதழை. உண்மையான நிபந்தனைகள் இங்கேதான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுத 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுத எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 14½ வயதும் தேவை. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்யவும் வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஓராண்டு வீணாகிவிடும்.

மற்றொரு வழி, 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். இங்கு 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கு நேரடியாகப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்தாண்டுகளுக்குள் முடித்தால் போதும். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கு இதுவே அதிகம் பொருந்தும் எனலாம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் தேர்வு எழுதக் கூடாது என்றிருந்த விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது.

பலரும் கணக்கில் கொள்ளாத இழப்பு ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் பள்ளிப் படிப்பை வைத்தே தகுதியை நிர்ணயிக்கிறது. வசதி குறைந்த குடும்பத்துக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல.

திரும்பிச் செல்வது

வீட்டில் படித்த பிள்ளை இடையில் பள்ளிக்குப் போக விரும்பினால் 4ஆம் பிரிவு உதவும். பள்ளியில் சேராத குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்ற மாணவருக்கு இணையாக வரச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என அது சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கவும் முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்விக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப் போனால் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழையோ எட்டாம் வகுப்புத் தேர்ச்சியையோ கேட்பார்கள். அதை மீறிக் கேட்டுப் பெறும் உரிமை அப்போது இச்சட்டத்தில் இல்லை. எனவே பள்ளிக்குத் திரும்புவதா, தனித்தேர்வா, திறந்தநிலைப் பள்ளியா என்பதைப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே பெற்றோர் முடிவுசெய்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா எனச் சரிபார்த்து வைப்பது நல்லது.