ஓட்டத்தில் ஜெயித்தாலும் ஊர் வாய்க்குப் பயம்!

ஆபீசில் ஒருத்தர் வயது தாண்டியும் கல்யாணம் கட்டாமல் இருந்தால் போதும். மதியம் டிபன் டப்பாவைத் திறக்கும்போதே கேலி ஆரம்பித்துவிடும். "என்ன சார், நீங்க அந்த மாதிரியா?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

கதிர்காமம் டீக்கடை பெஞ்சிலும் இதே பேச்சுதான். விளையாட்டு மைதானத்திலும் இதே பேச்சுதான். கேட்ச்சைக் கோட்டை விட்ட பையனுக்கு, "பொம்பளை மாதிரி ஆடாதடா" என்று ஓர் அதட்டல்! சிரிப்பவர்களுக்கு அது வேடிக்கை. உள்ளுக்குள் புழுங்குகிறவருக்கு?

ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும் இல்லாத ஊர் கிடையாது. 'தன்பாலீர்ப்பாளர்' என்று இப்போது தமிழில் சொல்கிறார்கள். பக்கத்து நாற்காலியிலேயே ஒருவர் இருக்கலாம். தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர் வாய் திறப்பதில்லை.

அது வீண் பயமா? இல்லை.

வீட்டுக்குள் புகுந்த கேமரா

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி பேராசிரியராக இருந்தவர் ராம்சந்திர சிராஸ். 2010 பிப்ரவரியில் அவர் வீட்டுக்குள் சிலர் புகுந்தார்கள். அவர் இன்னோர் ஆணோடு இருந்ததைப் படம் பிடித்தார்கள். புகுந்தவர்களை விட்டுவிட்டு, பேராசிரியரை சஸ்பெண்டு செய்தது பல்கலைக்கழகம்! அவர் பாடம் நடத்தியதில் குறை என்பதற்காக அல்ல.

ஏப்ரல் 1-ந் தேதி அலகாபாத் ஐகோர்ட்டு அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. 7-ந் தேதி அவர் தன் வீட்டில் பிணமாகக் கிடந்தார்.

நெசவாளி மகள்

ஒடிசாவில் நெசவாளி வீட்டில் பிறந்தவர் டூட்டி சந்த். 2018 ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கியவர். 2019 மே மாதம், "ஒரு பெண்ணைத்தான் நேசிக்கிறேன்" என்று பகிரங்கமாகச் சொன்னார். வீட்டுக்குள்ளேயே மிரட்டல் வந்ததால்தான் வெளியே சொன்னதாகவும் சொன்னார். குடும்பம் எதிர்த்தது.

கால் ஓய்ந்துவிட்டதா? இரண்டே மாதத்தில் இத்தாலியில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரில் தங்கம்! 2021-ல் 11.17 வினாடியில் ஓடி தேசிய சாதனை!

பிற்பாடு ஊக்கமருந்து வழக்கில் 4 ஆண்டு தடை வந்தது. அது விளையாட்டு விதிப்படி வந்த தண்டனை. அவர் யாரை நேசித்தார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்

புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய சேதி ஒன்று உண்டு. பிரான்சில் 1791-லேயே இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 377-வது பிரிவு, 1860-ல் ஆங்கிலேயர் எழுதிய சட்டத்தில் இருந்தது. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகு அது நம் ஊருக்கும் வந்தது.

2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. வயது வந்த இருவர் மனமொத்து இருந்தால் அது குற்றமல்ல என்று 5 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஜெயில் பயம் போனது. வேலைப் பயம்தான் போகவில்லை. திருநங்கை, திருநம்பிகளை வேலையில் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று 2019-ல் தனிச் சட்டம் வந்தது. தன்பாலீர்ப்பாளருக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. தனியார் கம்பெனியில் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பினால், வழக்குப் போட எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

நீதிபதி செய்த காரியம்

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தது. புதுச்சேரிக்கும் அதுதான் ஐகோர்ட்டு. இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒளிக்காமல் சொன்னார். மனநல நிபுணர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பதற்குத் தடை, போலீஸ் தொல்லைக்குத் தடை என்று பல கட்டளைகள் அதில் இருந்தன.

அவ்வளவு பெரிய நாற்காலியில் இருப்பவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். நமக்கு அத்தனை சிரமம்கூட வேண்டாம். கணக்கு எழுதுகிறவருக்குச் சம்பளம் கணக்குக்காக. ஓடுகிறவருக்கு மெடல் ஓட்டத்துக்காக. வீட்டில் யாரோடு இருக்கிறார் என்பது அவர் சமாச்சாரம்.

நாளை மதியம் ஆபீசில் அந்தக் கேலி ஆரம்பித்தால், ஒருத்தராவது சிரிக்காமல் இருந்து பாருங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் அன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடுவார்.