தாகமும் தீனியும்

உழவு மாடு வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு விலகி நிற்குமாயின், நோய் கண்டதென்றோ வைக்கோல் கெட்டதென்றோ குடியானவர் கருதுவது வழக்கம். அவையும் காரணமாயிருக்கலாம். ஆயினும் கோடையில் முதலிற் பார்க்கவேண்டியது தண்ணீர்த் தொட்டியையே.

பசி வயிற்றிலும் தாகம் தொண்டையிலும் பிறப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் இவ்விரண்டையும் அறிந்து ஏவுவது மூளையாகும். உடலில் நீர் குறையுங்கால் இரத்தத்தில் உப்பின் செறிவு மிகுகிறது. அம்மிகுதி நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கேயாயினும், மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியிலும் அதனை அடுத்தும் உள்ள நரம்பணுக்கள் அதனை உணர்ந்து தாகத்தை எழுப்புகின்றன. ஸ்வீடன் தேசத்துப் பெங்க்ட் ஆண்டர்சன் என்பார் 1953-ல் வெள்ளாடுகளைக் கொண்டு இதனைப் பரிசோதித்தார். தாகமில்லாத ஆட்டின் மூளையில் அவ்விடத்தில் மிகச் சிறிதளவு உப்புக் கரைசலைச் செலுத்தவே, அது சற்று நேரத்திற்குள் தண்ணீரை நாடி, லிட்டர் கணக்கிற் குடித்தது.

தாகம் மிக்கபோது மூளை பசியைப் பின்னே தள்ளிவிடுகிறது. இஃது உடலுக்கு நன்மையே. ஏனெனில், உலர்ந்த தீனியை மென்று செரிக்க உமிழ்நீர் ஏராளமாக வேண்டும். பெரிய பசுவொன்றுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வரையிலும் அது சுரக்கும். மேலும், பசும்புல்லில் நூற்றுக்கு 75 பங்கிற்குக் குறையாமல் நீர் இருக்க, வைக்கோலிலோ ஏறக்குறைய 10 பங்கே உள்ளது. ஆகவே பசும்புல் தின்ற நாளிற் போதிய தண்ணீர், வைக்கோலே கதியான மாதங்களிற் போதாது. இதனைக் கவனியாதவர் பலர்.

தாகம் தணியும் விதமும் அறியத்தக்கது. குடித்த நீர் இரத்தத்திற் சேரச் சில நிமிஷங்கள் செல்லும். அதற்கு முன்னரே வாயும் தொண்டையும் விழுங்கிய அளவை மூளைக்கு அறிவிப்பதால் மாடு குடிப்பதை நிறுத்துகிறது. ஆகையால் ஒருமுறை தலையெடுத்தவுடன் அதனை இழுத்துச் செல்லலாகாது; சற்று நிற்கவிட்டால் மீண்டும் குடித்தல் கூடும்.

நிறைவுணர்ச்சி இதனின் வேறு. முதல் இரைப்பை விரிவதை அங்குள்ள நரம்புகள் மூளைக்குச் சொல்லுகின்றன. வைக்கோல் மெல்லச் செரிப்பதால் வயிறு நெடுநேரம் நிறைந்தே இருக்கும், சத்தோ குறைவு. சிறிது கடலைப் பிண்ணாக்குச் சேர்த்தால் வைக்கோல் விரைந்து செரித்து, மாடு மேலும் தின்னும்.

ஏர் அவிழ்த்த மாட்டை நிழலில் இளைப்பாறவிட்டு, முதலில் தண்ணீரும் பின்னர் வைக்கோலும் இடுதல் நலம். ஊர்ப் பொதுத் தொட்டிகளைப் பங்குனிக்கு முன்பே செப்பனிட்டு நிரப்பிவைக்கக் கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டும். தாராளமாய்க் குடித்த பின்னும் அடுத்த வேளைத் தீனியைத் தொடாத மாட்டை அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.