கோல்டன் ரிட்ரீவர் நாய் வளர்ப்போர் கவனத்திற்கு

தோட்டக் காவலுக்கு இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நாட்டு நாய்களை வளர்ப்பது நம் வழக்கம். இப்போது நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய நீள்முடி நாய்களும் கிராமத்து வீடுகளுக்கு வந்து சேருகின்றன. அவற்றுள் ஒன்று கோல்டன் ரிட்ரீவர். நாட்டு நாயைப் போல இதையும் வாசலில் கட்டிப்போட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. கோடையில் அது நாயின் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

பிறப்பும் இயல்பும்

இந்த இனம் குளிர் மிகுந்த ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் 1868-ஆம் ஆண்டு தொடங்கி உருவாக்கப்பட்டது. சுட்டு வீழ்த்திய பறவைகளைப் புதரிலும் தண்ணீரிலும் தேடி, பல் படாமல் கவ்வி வருவதே இதன் வேலை. எனவே நாள் முழுவதும் ஓடும் சுறுசுறுப்பும், குளிரைத் தாங்க இரட்டை அடுக்கு முடியும் இதற்கு உண்டு. வளர்ந்த ஆண் நாய் 30 முதல் 34 கிலோ எடை இருக்கும். குழந்தைகளிடம் அன்பாகப் பழகும். புதியவர்களிடமும் வாலாட்டும் குணமுள்ளதால் காவலுக்கு ஏற்றதன்று.

ஓட்டமும் விளையாட்டும்

நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடவிட வேண்டும். இல்லையேல் செருப்பைக் கடிக்கும், குழி தோண்டும், இடைவிடாது குரைக்கும். விடியற்காலையிலும், பொழுது சாய்ந்து தரை குளிர்ந்த பின்னும் அரை மணி நேரம் வீதம் பிரித்து ஓடவிடுங்கள். பந்தை எறிந்து எடுத்துவரச் செய்வது இதற்கு மிகவும் பிடித்த விளையாட்டு. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் அந்தச் சூட்டைப் பொறுக்காது.

முடிப் பராமரிப்பு

வாரத்திற்கு மூன்று முறை சீப்பால் வாரி, உதிர்ந்த முடியை அகற்ற வேண்டும். வயலுக்குச் சென்று வந்தால் ஒட்டுப்புல், நாயுருவி விதைகள், நெருஞ்சி முள் ஆகியவை காதிலும் விரலிடுக்கிலும் உள்ளனவா என்று பார்த்து எடுங்கள். குளிப்பாட்டிய பின் அடிமுடி வரை நன்கு உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் தோலில் புண் உண்டாகும். வெயில் காலம் என்று முடியை ஒட்ட மழித்துவிடாதீர்கள். வெயில் நேரே தோலில் படாமல் காப்பதும் அந்த முடியே.

உண்ணி ஒழிப்பு

உண்ணிகள் இரத்தத்தை உறிஞ்சுவதோடு உயிர்கொல்லிக் காய்ச்சல்களையும் பரப்புகின்றன. பயிருக்குத் தெளித்து மீந்த பூச்சிமருந்தை நாயின் மேல் பூசும் பழக்கத்தை அறவே கைவிடுங்கள். நாய் தன் உடலை நக்குவதால் அந்த நஞ்சு வயிற்றுக்குள் சென்று உயிரைப் போக்கும். கால்நடை மருத்துவர் தரும் மருந்தை, அவர் சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

வெப்பத்தாக்கு

நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக் கொள்கிறது. தகரக் கொட்டகையிலோ, மூடிய காரிலோ விட்டுச் செல்லக் கூடாது. காற்றோட்டமான நிழலும், எந்நேரமும் குடிநீரும் வேண்டும். கடுமையான இரைப்பு, ஒழுகும் எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவிருந்தால் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்கவிடலாம். வலிந்து ஊற்றக் கூடாது. பிறகு தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நாய் தேறியது போல் தோன்றினாலும் இது அவசியம்.

தடுப்பூசி

மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தவறாமல் தொடர வேண்டும். குடற்புழு நீக்க மருந்தையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுத்து வர வேண்டும்.

காலையிலும் மாலையிலும் நாயோடு ஓட வீட்டில் ஒருவரும், பகலில் அது படுக்கக் குளிர்ந்த இடமும் இருந்தால் இந்த நாயை வாங்கலாம். இரண்டும் இல்லையெனில், நம் மண்ணின் வெயிலுக்குப் பழகிய நாட்டு நாயே உங்களுக்கு ஏற்றது.